சேகரை உட்காரச் சொன்ன ஞாயிறு

யாங்கூனின் தின்கன்ஜூன் மைதானத்தின் நடுவில், தூறலில், ஒருவன் நீலச் சட்டையைக் கழற்றிவிட்டுப் பச்சைச் சட்டையை மாட்டிக்கொண்டிருக்கிறான். ஈரத்துணி முதுகில் ஒட்டிக்கொண்டு கீழே இறங்க மறுக்கிறது. இரண்டு அணிகளும் நடுவரும் அவன் தலை வெளியே வரும்வரை காத்திருக்கிறார்கள். வேலியோரம் தேநீர்க் குவளையோடு நிற்பவர்கள் குடிப்பதை நிறுத்திவிட்டார்கள்.

ஒரு நிமிடம்கூட நீடிக்காத காட்சி. ஆனால் கடந்த சில ஆண்டுகளில் நல்ல நினைவு எது என்று யாராவது கேட்டால், எனக்கு முதலில் வருவது அந்த ஈரச் சட்டைதான்.

இந்தத் தொடரில் அச்சு மையைப் பற்றி எழுதினேன், மின்வெட்டைப் பற்றி எழுதினேன், எங்கள் கட்டடத்தின் மாடிப்படியைப் பற்றிக்கூட ஒரு வாரம் முழுக்க எழுதினேன். விளையாட்டைப் பற்றி ஏன் ஒரு வரியும் இல்லை என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். கூச்சம்தான் காரணம். எனக்குப் பந்தை உதைக்கத் தெரியாது. ஆனால் பல மழைக்காலங்களாக யாங்கூனில் ஒரு கால்பந்துப் போட்டிக்கு நான்தான் நிருபர்.

வேலை வந்த விதம்

நான் துணையாசிரியராக இருந்த பத்திரிகை மூடப்பட்ட வருடம், என் அண்ணன் பினாங்குக்குப் போனார். போகும்போது தன் சைக்கிளை மருமகனுக்கும் ஞாயிற்றுக்கிழமை வேலையை எனக்கும் கொடுத்துவிட்டுப் போனார். அந்த வேலை, தமிழர் கிளப்புகளின் ஏழு பேர் கால்பந்துப் போட்டியைப் பார்த்து, ஆட்டம் முடிந்ததும் ஒரு சிறு செய்தியாகக் கைபேசிக் குழுவில் போடுவது.

"உனக்குத்தான் எழுத வருமே," என்றார். சம்பளம் உண்டா என்று கேட்டேன். "வடை உண்டு," என்றார்.

செய்தியைப் பர்மிய மொழியில்தான் எழுதுகிறேன். தமிழில் எழுதினால் ஆடுகிறவர்களிலேயே பாதிப் பேருக்குப் படிக்க வராது. கேட்டால் புரியும், சண்டை போட வரும், படிக்க வராது. முதல் வரியில் மழையைப் பற்றி எழுதுவதில்லை. கோல் போட்டவன் பெயர்தான் முதல் வரி. பத்திரிகையின் செய்தி மேசையில் கற்ற பழக்கம் அது.

சில வாரங்கள் போன பிறகுதான் இதை யார் படிக்கிறார்கள் என்று தெரிந்தது. மைதானத்தில் இருந்தவர்கள் படிப்பதில்லை. அவர்கள்தான் பார்த்துவிட்டார்களே. மலேசியாவில் தொழிற்சாலை ஷிஃப்ட் முடித்தவர்கள், தாய்லாந்தில் கட்டட வேலையில் இருப்பவர்கள், முன்பு இதே மைதானத்தில் ஆடியவர்கள் படிக்கிறார்கள். கோல் எந்தக் காலால் போட்டது என்று கேட்டு எழுதுவார்கள். பத்திரிகையில் இருந்தபோது எனக்கு இப்படிப்பட்ட வாசகர்கள் கிடைத்ததில்லை.

கிளப்காரர்கள் என்னை 'சயாமா' என்று அழைக்கிறார்கள். ஆசிரியைக்கான பர்மியச் சொல். நான் யாருக்கும் எதுவும் சொல்லிக்கொடுத்ததில்லை. ஆனால் அந்த அழைப்பு பிடித்திருக்கிறது.

நான்கு கிளப்புகளும் ஒரு கைமாற்றும்

கிளப்புகள் நான்குதான் இருந்தன. தாமுவே, தின்கன்ஜூன், பாசுண்டாங், இன்செயின். துறைமுகத்திலும் ரயில்வேயிலும் நகராட்சியிலும் வேலைக்கு வந்தவர்களின் பேரன்மார் ஆடும் கிளப்புகள். பழையது தாமுவே. பச்சைச் சட்டை.

எழுதி வைத்த விதிகள் குறைவு. எதையாவது மாற்றவேண்டுமானால் நான்கு கிளப்காரர்களும் ஒரு தேநீர்க்கடையில் உட்காருவார்கள். ஓட்டெடுப்பு கிடையாது. நான்கு தலையும் அசைய வேண்டும். ஒன்று அசையாவிட்டால் தேநீரைக் குடித்துவிட்டு வீட்டுக்குப் போகவேண்டியதுதான்.

இன்னொரு வழக்கமும் உண்டு. ஒரு கிளப்புக்கு ஏழு பேர் சேரவில்லையென்றால், எதிர் கிளப் ஓர் ஆளைக் கொடுக்கவேண்டும். இதற்குக் 'கைமாற்று' என்று பெயர். ரயில்வே ஷிஃப்ட் திடீரென்று மாறி ஆட்கள் வரமுடியாமல் போன காலத்தில் தொடங்கிய வழக்கமாம். ஆள் குறைந்த கிளப் வாய்விட்டுக் கேட்காது. எதிர் கிளப் தானாகவே கொடுக்கும். கொடுக்கப்பட்டவன் சட்டையை மாற்றிக்கொண்டு, தன் கிளப்புக்கு எதிராகவே ஒழுங்காக ஆடவேண்டும். ஆட்டம் முடிந்ததும், ஆள் வாங்கியவர்கள் தேநீர் வாங்கிக் கொடுப்பார்கள்.

கேட்க மிகவும் பெருந்தன்மையாக இருக்கிறது அல்லவா? முதல் மழைக்காலத்தில் நானும் அப்படித்தான் நினைத்தேன். இரண்டாவதில்தான் கவனித்தேன். எல்லாக் கிளப்புகளும் கைமாற்றாகக் கொடுப்பது, தங்களிடம் இருப்பவர்களிலேயே ஆட்டம் மிக மோசமாக வரும் ஆளைத்தான். அதில் யாருக்கும் வருத்தம் இருந்ததில்லை. எல்லோரும் அதையே செய்தார்கள்.

தாமுவேயின் கைமாற்று, சேகர். நாற்பதை நெருங்கிய, வயிறு சற்று முன்னே வந்த, பெயின்ட் கடை விற்பனையாளர். பந்து ஒரு பக்கம் போனால் அவர் மறுபக்கம் போவார். ஆனால் ஒரு ஞாயிறுகூட வராமல் இருந்ததில்லை. எதிர் அணியில் ஆள் எண்ணத் தொடங்கும்போதே எழுந்து சட்டையைக் கழற்றத் தொடங்கிவிடுவார்.

"நாலு கிளப் சட்டையும் போட்டவன் யாங்கூன்லயே நான் ஒருத்தன்தான், சயாமா," என்பார்.

என் செய்திகளில் அவர் பெயர் 'சேகர் (கைமாற்று)' என்றே வந்துகொண்டிருந்தது.

பாலத்துக்கு அந்தப் பக்கம்

தாமுவேயில் வாடகை ஏறியது. குடும்பங்கள் ஒவ்வொன்றாகக் கால்வாயைத் தாண்டித் தாகேதாவுக்குக் குடிபோயின. பையன்களும் போனார்கள். ஆனால் பச்சைச் சட்டைக்காக வாரத்தில் இரண்டு சாயங்காலம் பயிற்சிக்குப் பாலம் தாண்டித் தாமுவேக்கு வந்து போனார்கள்.

தாகேதாவில் கைபேசி பழுதுபார்க்கும் கடை வைத்திருப்பவன் ரஹீம். கடைப் பலகையில் பர்மியப் பெயர், வீட்டில் தமிழ், மைதானத்தில் இரண்டும் கலந்து. தங்கள் பக்கத்துப் பையன்களைச் சேர்த்து ஐந்தாவது கிளப் தொடங்கவேண்டும் என்று அவன்தான் கேட்டான்.

நான்கு கிளப்காரர்களும் தின்கன்ஜூன் தேநீர்க்கடையில் உட்கார்ந்தார்கள். தின்கன்ஜூன் கிளப்பின் பாலன்தான் எப்போதும் பேச்சைத் தொடங்குவார். அவரே ஆட்டங்களுக்கு நடுவர். உதட்டைக் குவித்து முத்தமிடுவதுபோல் சத்தம் எழுப்பி, தேநீர் கொண்டுவருபவரை அழைத்தார். யாங்கூன் தேநீர்க்கடைகளில் அந்தச் சத்தம் இப்போது குறைந்துவருகிறது. பாலன் இருக்கும்வரை தின்கன்ஜூனில் இருக்கும்.

"தாகேதாப் பசங்க அஞ்சாவது கிளப்பா வர்றேங்கிறாங்க. என்ன சொல்றீங்க?"

இன்செயின்காரர் தலையசைத்தார். பாசுண்டாங்காரர் தலையசைத்தார். தாமுவேயின் செயலாளர் தங்கவேல், கரண்டியால் தேநீரைக் கலக்கிக்கொண்டே இருந்தார்.

"வரட்டும். வேணாம்னு யாரு சொன்னா? எத்தினி பேரு வச்சிருக்கீங்க தம்பி?"

"பத்து பேரு அண்ணே," என்றான் ரஹீம்.

"அந்தப் பத்துல என் ஆளு எத்தினி?"

ரஹீம் கொஞ்சம் தயங்கினான். "ஆறு."

"என் கிளப்பே மொத்தம் பதினோரு பேருடா தம்பி. ஆறு போனா அஞ்சு. அஞ்சு பேர வச்சுகிட்டு நான் கேரம் கிளப்புதான் நடத்தணும்."

எல்லோரும் சிரித்தார்கள். தங்கவேலும் சிரித்தார். சிரித்து முடித்த பிறகும் அவர் தலை அசையவில்லை.

"எங்க பக்கத்துல ஆட ஆசப்பட்டவன்லாம் வீட்டுல போனைப் பாத்துகிட்டு உக்காந்திருக்கான் அண்ணே," என்றான் ரஹீம். "தாமுவே வரைக்கும் பிராக்டீஸுக்கு வந்தா திரும்பப் போக பஸ் கெடைக்கிறதில்ல. ஊட்ல விடமாட்றாங்க. ஆறு பேர்தான் அடம்புடிச்சு வந்தானுங்க. மிச்சப் பேரு என்ன பண்ணுவான்?"

இரண்டு பேரும் சொன்னது உண்மை. செய்தியாளருக்கு இது சங்கடமான நிலை.

பிறகு தங்கவேல் என்னோடு பேருந்து நிறுத்தம்வரை நடந்து வந்தார். தாமுவே சந்தையருகே மோட்டார் உதிரிபாகக் கடை வைத்திருக்கிறார். அவருடைய இரண்டு மகன்களும் அந்தப் பச்சைச் சட்டையில் ஆடியவர்கள். இப்போது இருவரும் கோலாலம்பூரில். சட்டைகளை அவர் மனைவி வீட்டில் துவைத்து, மழைக்காலத்தில் காயாமல் வீடு முழுக்கக் கொடி கட்டித் தொங்கவிடுவார். அதனால் அந்தச் சட்டைகளில் எப்போதும் ஈர வாசனையும் தாளிப்பு வாசனையும் இருக்கும்.

"எனக்கு அந்தப் பசங்க மேல கோவம் இல்ல சயாமா," என்றார். "ஞாயித்துக்கெழமை சாயங்காலம் ஆனா எம் பசங்க ரெண்டு பேரும் நீங்க எழுதுறதப் படிச்சிட்டுத்தான் எனக்குப் போன் பண்றாங்க. மத்த நாள்ல பேச என்னா இருக்கு? சாப்டியா, மழையா, கரன்ட் இருக்கா, அவ்வளவுதான். தாமுவே கிளப்பு இல்லேன்னா அவனுங்க எதப் படிப்பானுங்க?"

பேருந்து வந்தது.

மறுவாரம் மறுபடி உட்கார்ந்தபோது பாலன் என்னைப் பார்த்தார். "சயாமா, நீங்க எந்தக் கிளப்பும் இல்ல. நீங்க சொல்லுங்க."

முதலில் தாமுவேயும் தாகேதாவும் ஓர் ஆட்டம் ஆடிப் பார்க்கட்டும், அந்த ஆறு பேரும் அன்றைக்கு விருப்பப்பட்ட பக்கம் ஆடட்டும், அதற்குப் பிறகும் தங்கவேல் தலையசைக்காவிட்டால் பேச்சை விட்டுவிடலாம் என்றேன். முடிவெடுக்க முடியாதபோது எந்தச் செய்திப் பிரிவும் செய்வதுதான் இது. ஒரு நாள் தள்ளிப்போடுவது.

நல்ல ஆளைக் கொடுக்கக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை

ஆறு பேரில் நான்கு பேர் தாகேதாவின் நீலச் சட்டை போட்டார்கள். அதில் ஒருவன் முருகேஷ். தாமுவேயின் முன்வரிசை ஆட்டக்காரன், இந்தப் போட்டியிலேயே கோல் அடிப்பதில் கெட்டிக்காரன். மைதானத்துக்கு வந்ததும் தங்கவேலைப் பார்க்காமல் பூட்ஸ் கயிற்றை நெடுநேரம் கட்டினான்.

தாமுவே பக்கம் ஏழு பேர் வரவேண்டும். ஒருவன் பெட்ரோல் வரிசையில் மாட்டிக்கொண்டு வரமுடியவில்லை என்று தகவல் அனுப்பினான். சேகரையும் சேர்த்து ஆறு பேர்.

தங்கவேல் கேட்கமாட்டார். பாலன்தான் ரஹீமிடம் போனார்.

"தம்பி, அந்தப் பக்கம் ஒரு ஆளு கொறையுது. வழக்கப்படி நீ ஒருத்தனக் கைமாத்துக் குடுக்கணும்."

"ஹொட்கே," என்றான் ரஹீம். பர்மியத்தில் 'சரி'. திரும்பித் தன் ஆட்களைப் பார்த்தான். வரிசையின் கடைசியில், கண்ணாடியை நூலால் காதில் கட்டிய ஒல்லியான ஒருவன் நின்றான். அவன்தான் போவான் என்று வேலியோரம் இருந்த அனைவருக்கும் தெரியும். அவனுக்கே தெரிந்து ஓர் அடி முன்னால் வந்துவிட்டான்.

"முருகேஷு, நீ போ," என்றான் ரஹீம்.

"நானா?"

"நீதான். அங்க எல்லாரையும் உனக்குத்தான் பழக்கம்."

"நான் யாருக்கு ஆடணும்னு என்னத் தவிர எல்லாரும் முடிவு பண்றீங்க," என்று முணுமுணுத்துக்கொண்டே முருகேஷ் மைதானத்தின் நடுவில் சட்டையைக் கழற்றினான். நான் தொடக்கத்தில் சொன்ன காட்சி அது.

ரஹீம்தான் தாகேதாவின் கோல்கீப்பர். முருகேஷ் அவனைத் தாண்டி முதல் கோலை அடித்துவிட்டு, பழக்கதோஷத்தில் "ஸாரி" என்றான். இரண்டாவதுக்கு எதுவும் சொல்லவில்லை. தாமுவே இரண்டு, தாகேதா ஒன்று. அன்றைய செய்தியின் முதல் வரியை எழுத எனக்கு வெகுநேரம் பிடித்தது. 'முருகேஷ் (தாகேதா, தாமுவேக்காக)' என்று போட்டேன். கோலாலம்பூரிலிருந்து உடனே கேள்வி வந்தது: இது என்ன அச்சுப்பிழை?

ஆட்டம் முடிந்ததும் தங்கவேல் தானே தேநீர் கொண்டுவந்தார். ரஹீமிடம் குவளையைக் கொடுத்தார்.

"ஏம்பா, அவனப் போய் ஏன் குடுத்தே?"

ரஹீம் பயந்துவிட்டான். "தப்பா அண்ணே? நல்ல ஆளக் குடுக்கக் கூடாதுன்னு ரூல் இருக்கா? எனக்கு யாரும் சொல்லலியே."

"ரூல்லாம் ஒண்ணும் இல்ல," என்றார் பாலன். "பொழைக்கத் தெரிஞ்சவன் குடுக்கமாட்டான், அவ்வளவுதான்."

"அப்ப இத்தினி வருசமா என்ன எதுக்குக் குடுத்தீங்க?" என்றார் சேகர்.

மைதானமே சிரித்தது. சேகரும் சிரித்தார். மற்றவர்களைவிடச் சற்றுத் தாமதமாகச் சிரித்தார் என்பதை நான் கவனித்தேன். சிரிக்காத ஒரே ஆள் தங்கவேல். அவர் சேகரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு பாலன் பக்கம் திரும்பித் தலையசைத்தார். தாமதித்தால் மனம் மாறிவிடுமோ என்பதுபோல் வேகமாக அசைத்தார்.

"அவனவன் இஷ்டப்பட்ட கிளப்புல ஆடட்டும். ஆனா எனக்கு ஆள் கொறஞ்சா யார்கூட ஆட்டம்னாலும் தாகேதாதான் குடுக்கணும்."

"ஹொட்கே அண்ணே. எங்களுக்குக் கொறஞ்சா?"

"குடுப்போம்," என்றார் தங்கவேல். யாரை என்று சொல்லவில்லை.

ஐந்து கிளப்

ஐந்து கிளப் ஆனதில் ஒரு சிக்கல். ஒவ்வொரு ஞாயிறும் ஒரு கிளப்புக்கு ஆட்டம் இருக்காது. ஆட்டமில்லாத கிளப் வலை கட்டவேண்டும், தேநீருக்குப் பொறுப்பு என்று முடிவானது. இன்செயின்காரர்களின் தேநீர் மிக மோசம். தாகேதாவின் வடை மிக நன்று. சம்பளம் உயர்ந்ததாகவே கருதுகிறேன்.

அந்த ஆறு பேரில் நான்கு பேர் தாகேதாவுக்குப் போனார்கள். முருகேஷ் அதில் இல்லை. அவன் பச்சைக்கே திரும்பிவிட்டான். காரணம் கேட்டேன். "பஸ்ல வர்ற நேரம்தான் எனக்கு யாரும் வேல சொல்லாத நேரம், சயாமா," என்றான். நம்பினேன்.

நான் எதிர்பார்க்காத ஒன்றும் நடந்தது. அந்த இரண்டு சட்டைக் கதை தாமுவேத் தெருக்களில் பரவி, இதுவரை எட்டிப் பார்க்காத மூன்று பேர் தங்கவேலின் கடைக்கே வந்து கிளப்பில் சேரக் கேட்டார்கள். ஒருவன் வீட்டில் தெலுங்கு பேசுபவன். "யாபாடே," என்றார் தங்கவேல். பரவாயில்லை என்று பொருள். "ஓடத் தெரியுமா?"

பழைய கிளப் பிழைத்துவிட்டது என்று அப்போதே எழுதியிருக்கலாம். ஒரு நல்ல செய்தியாளர் முடியும்வரை காத்திருப்பார்.

தொடக்க ஆட்டம்

ஐந்து கிளப்பாக ஆடிய அந்த மழைக்காலத்தின் முதல் ஆட்டம் தாமுவேக்கும் தாகேதாவுக்கும். பாலத்தில் லாரி ஒன்று நின்றுவிட்டது. தாகேதாக்காரர்கள் பாதி வழி நடந்து, முழங்கால்வரை நனைந்து வந்து சேர்ந்தார்கள். ஆறு பேர். மற்றவர்கள் பின்னால் வந்த பேருந்தில் மாட்டிக்கொண்டார்கள்.

பாலன் ஆட்களை எண்ணத் தொடங்கியதுமே, தாமுவேயின் பெஞ்சில் சேகர் எழுந்தார். வழக்கம்போல் பச்சைச் சட்டையின் ஓரத்தை வயிற்றுக்கு மேலே சுருட்டினார்.

"சேகரு, உக்காரு," என்றார் தங்கவேல்.

சேகருக்குக் காதில் சரியாக விழவில்லை போலிருக்கிறது. சட்டை பாதி ஏறிய நிலையில் நின்றார்.

"உக்காருப்பா. முருகேஷு, நீ அந்தப் பக்கம் போ."

முருகேஷ் வானத்தைப் பார்த்தான். "மறுபடியுமா?"

ரஹீம் மைதானத்தின் குறுக்கே ஓடி வந்தான். "அண்ணே, வேணாண்ணே. சேகரண்ணனே போதும்."

"ஏன், நல்ல ஆளு குடுக்க உனக்கு மட்டுந்தான் தெரியுமா? போய் கோல்ல நில்லு."

"அப்ப நானு?" என்றார் சேகர்.

"நீ இங்க ஆடு. பின்னால நில்லு. எங்கயும் போவாதே."

அந்த அறிவுரையின் கடைசிப் பகுதியைச் சேகர் அப்படியே கடைப்பிடித்தார். ஆட்டம் முழுவதும் கோலுக்கு முன்னால் ஓரிடத்திலேயே நின்றார். முருகேஷ் தாகேதாவுக்காக மூன்று கோல் அடித்தான். நான்காவதாக அவன் உதைத்த பந்து, கோல்கீப்பரைத் தாண்டி, நேராகச் சேகரின் வயிற்றில் மோதி வெளியே போனது. சேறு நட்சத்திரம்போல் அவர் சட்டையில் தெறித்தது. வேலியோரம் எழுந்த சத்தம், அடித்த மூன்று கோல்களுக்கும் சேர்த்து எழுந்ததைவிடப் பெரிது.

தாமுவே மூன்றுக்கு ஒன்று என்று தோற்றது. தங்கவேல் தோல்வியை அவ்வளவு ரசித்துப் பார்த்தது அதற்கு முன் இல்லை.

பத்திரிகை மூடிய பிறகு இந்த வேலை இல்லாவிட்டால் ஞாயிற்றுக்கிழமைகளில் நான் என்ன செய்திருப்பேன் என்று சில சமயம் யோசிப்பதுண்டு. இந்த ஐந்து கிளப்புக்கும், தெரியாமல் தவறு செய்த ரஹீமுக்கும் நான் கடன்பட்டவள். அதை இங்கே எழுதி வைக்கிறேன். அவர்களில் பாதிப் பேருக்குத் தமிழ் படிக்க வராது என்பதால் பாதித் தைரியத்தோடு எழுதலாம்.

அன்று கைபேசியில் செய்தியைத் தட்டிக்கொண்டிருந்தபோது சேகர் வந்து அருகில் நின்றார்.

"சயாமா, என் பேரு வருமா?"

"வரும்."

"பக்கத்துல என்ன போடுவீங்க?"

"பக்கத்துல ஒண்ணும் வராது. தாமுவே ஆளுங்க வரிசையில சும்மா சேகர்னு வரும்."

"சும்மா சேகர்," என்று ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

தங்கவேல் துவைக்கவேண்டிய சட்டைகளை வாங்கி எண்ணி மூட்டை கட்டினார். ஒன்று குறைந்தது. மைதானத்து வாசலில் பேருந்துக்காக நின்றுகொண்டிருந்த சேகரை ஒருமுறை பார்த்தார். வயிற்றில் சேறு காய்ந்த அந்தப் பச்சைச் சட்டையைப் பார்த்தார். பிறகு மூட்டையின் வாயைக் கட்டித் தோளில் போட்டுக்கொண்டார்.